நான் துடைத்துவிட்ட கையெழுத்து

எனக்கு எழுத வராது என்று சொன்னதற்கு, "பேசற மாதிரி எழுதுங்க ஆன்ட்டி, நாங்க சரி பண்ணிக்கறோம்" என்றார்கள் நம் தமிழ்ச் சங்க மலர்க் குழுப் பெண்கள். எனக்குப் பேசவும் வராது. அதைச் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு தலையாட்டிவிட்டேன். என் வாழ்க்கையில் பாதி விஷயம் இப்படித் தலையாட்டித்தான் நடந்திருக்கிறது. கம்பம் ஊருக்குப் பக்கத்தில் ஐந்தாம் வகுப்புவரை படித்தேன். வாக்கியம் கோணலாக இருக்கும். எது முதலில் நடந்தது, எது பிறகு என்பதும் சில இடத்தில் குழம்பும். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

இங்கே ஐசலினில் ஓக் ட்ரீ ரோடு கடைகளுக்குப் பின்னால், பழைய ஒலித்தட்டுகளிலிருந்து பாட்டைப் பிரதி எடுக்கிற ஒரு சின்னப் பட்டறையில் ஏழு வருசம் தட்டு துடைத்தேன். முழங்கால் போனதும் போன வருசம் நின்றுவிட்டேன். நான் நின்ற இடத்தில் இப்போது ஒரு காமிரா நிற்கிறதாம். தட்டைத் தொடாமலே படம் பிடித்து, அதிலிருந்து பாட்டை எடுத்துவிடுமாம். "உங்க வேலைய மிஷின் பண்ணுது ஆன்ட்டி" என்று துக்கம் விசாரிக்கிற மாதிரி சொன்னார்கள். எனக்கு வருத்தமே இல்லை. அந்த மிஷின் யாருடைய கையெழுத்தையும் அழிக்காது. நான் அழித்தேன். அதைத்தான் எழுதப்போகிறேன்.

என் மகன் ரஃபீக் கம்ப்யூட்டர் வேலை. சிட்டிசன் ஆனதும் எனக்கு கிரீன் கார்டு எடுத்து அழைத்துக்கொண்டான். 2001 கடைசியில் தாடியை எடுத்துவிட்டு ஆபீசுக்குப் போனான். தாடி போய் மூன்று மாசத்தில் வேலையும் போனது. தாடிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, மார்க்கெட் சரியில்லை என்றான். மார்க்கெட் சரியாகும்வரை நான் ஓர் ஆம்பூர்க்காரர் ஓட்டலில் சப்பாத்தி தேய்க்கப் போனேன். கூட்டம் இல்லாத நேரத்தில் எவர்சில்வர் தட்டுகளைத் துடைத்து அடுக்குவேன்.

அங்கே தினம் மத்தியானம் ஒரு வெள்ளைக்காரர் வந்து இரண்டு இட்லி சாப்பிடுவார். ஒல்லியானவர், அறுபது வயதிருக்கும். சட்டைப் பையில் எப்போதும் ஒரு கட்டு அட்டை. ஒருநாள் ஓட்டல்காரர் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"ஜெய்தூன்மா, கொஞ்சம் வெளிய வாங்க. அந்த வெள்ளைக்காரர் உங்களப் பாக்கணுங்கறார்."

"என்னத்துக்கு பாய்? சாம்பார்ல முடி கிடி கெடந்துச்சா?"

"அதெல்லாம் இல்ல. தட்டு மேல உங்க வெரலே படலயாம். ஓரத்த மட்டும் புடிச்சுத் துடைக்கிறீங்களாம்."

"படாமத்தான பாய் துடைக்கணும்?"

"அதத்தான் அவரும் சொல்றார். வாங்க."

அவர்தான் மிஸ்டர் கோல்மன். பட்டறைக்குக் கூட்டிப்போய் ஒரு கறுப்புத் தட்டை நீட்டினார். ஓரத்தைப் பிடித்து வாங்கினேன். வேலை கொடுத்துவிட்டார். ஆங்கிலம் எழுதப் படிக்கத் தெரியுமா என்று அவர் கேட்கவில்லை. கேட்காததற்கு நான் ஏன் பதில் சொல்ல வேண்டும்?

முதல் ஆறு மாசம் உறைகளில் தூசி தட்டியதோடு சரி. ஆனால் வேலை மண்டையில் ஏறியது அப்போதுதான். மிஸ்டர் கோல்மன் தட்டைத் தொடுமுன் கை கழுவுவார். விரலிடுக்கு, மணிக்கட்டு, முழங்கைவரை, அவசரமில்லாமல். முதல்நாள் பார்த்தபோது மனுசன் தொழப்போகிறார், ஒளு செய்கிறார் என்றே நினைத்தேன். கத்திப் பேசமாட்டார். கோபம் வந்தால் குரல் இறங்கும், 'ப்ளீஸ்' கூடும். ஒரு வாக்கியத்தில் மூன்று ப்ளீஸ் வந்தால் நான் பாத்ரூம் பக்கம் போய்விடுவேன்.

அவர் சட்டம் இரண்டே இரண்டு. ஒன்று, அட்டை முதலில், தண்ணீர் அப்புறம். காலையில் அன்றைய தேதி முத்திரை குத்திய அட்டைகளை என் மேசையில் வைப்பார். தட்டில் என்ன எழுதியிருந்தாலும், கிறுக்கியிருந்தாலும், அதை அப்படியே அட்டையில் இறக்கிவிட்டுத்தான் துடைக்க வேண்டும். இரண்டாவது சட்டம், "நல்லாக்காதே." கீறல் இருந்தால் இருக்கட்டும். கறை ஆழமாக இருந்தால் இருக்கட்டும். அழுக்கை எடு, அதற்கு மேல் ஒன்றும் செய்யாதே. பித்தளைக் குடத்தில் முகம் தெரிகிறவரை தேய்த்து வளர்ந்தவளுக்கு இது எவ்வளவு கஷ்டம் என்று மலர்க் குழுப் பெண்களுக்குத் தெரியாது. அவர்கள் வீட்டில் டிஷ்வாஷர்.

ஆங்கிலம் கேட்டால் ஓரளவு புரியும், டிவி புண்ணியம். எழுத்துதான் தெரியாது. அதனால் அட்டையில் நான் எழுதவில்லை, வரைந்தேன். அச்சு எழுத்தெல்லாம் தனித்தனியாக நிற்கும், பார்த்துப் பார்த்து வரைந்துவிடலாம். "பிரமாதமான கையெழுத்து, மிஸஸ் ஜே" என்பார் மிஸ்டர் கோல்மன். நான் தலையாட்டுவேன்.

சேர்ந்த முதல் வருசமே ஒரு தட்டை அப்பளம் மாதிரி உடைத்தேன். அழுதுகொண்டு நின்றவளைக் கூட்டிப்போய் ஒரு இழுப்பறையைத் திறந்து காட்டினார். உள்ளே அட்டைகள். எல்லாம் அவர் கையால் உடைந்தவை. என்ன தட்டு, எப்படி உடைந்தது, 'உடைத்தது நான்' என்று கீழே பெயர். என் அட்டையையும் அதில் போட்டு மூடினார். அவ்வளவுதான். தப்புக்குப் பயப்பட வேண்டிய இடமில்லை அது. அப்படி இருந்தும் நான் ஒரு தப்பை ஒளித்தேன்.

2005 என்று நினைக்கிறேன். நியூயார்க்கிலிருந்து ஒரு ரெக்கார்டு கம்பெனிக்காரர் வந்தார், பிரையன் என்று பெயர். மூடிப்போன ஒரு நடன மண்டபத்தின் பேஸ்மென்ட்டில் கிடைத்ததாக ஒரு மரப்பெட்டியை வைத்தார். உள்ளே ஆறு தட்டு. அலுமினியத்தின் மேல் கறுப்பு அரக்கு பூசி, பாடும்போதே கீறி எடுத்த தட்டுகள். ஒவ்வொன்றும் ஒரே பிரதிதான், வேறு எங்கும் கிடையாது. ஐம்பது வருசத்துக்கு முன்னால் டிரினிடாட் தீவிலிருந்து வந்த ஒரு பெண் பாடியது. கலிப்ஸோ என்பார்கள், ஊர் வம்பையும் அரசியலையும் கிண்டலாகக் கட்டிப் பாடுகிற பாட்டு. யார் பாடியது என்று பெட்டியில் ஒரு சீட்டுகூட இல்லை.

அரக்குத் தட்டுக்கு வயதானால் வேர்க்கும். வெள்ளையாக, பிசுக்காக, மாவு படிந்த மாதிரி. அதை எடுக்க அமோனியா சேர்த்த தண்ணீர். மூக்கை எரிக்கும். மெல்லிய பிரஷ்ஷால் வரியோடு வரியாகத்தான் போக வேண்டும், குறுக்கே போகக்கூடாது. முதல் தட்டின் லேபிளில் ஒன்றும் எழுதவில்லை. லேபிளுக்கும் பாட்டு வரிகளுக்கும் நடுவில் வழவழப்பான ஒரு வளையம் இருக்கும். அதில் மஞ்சளாக ஒரு இழுப்பு. மெழுகுப் பென்சில் மாதிரி, நூல் பிரிந்து சுருண்ட மாதிரி. எனக்குத் தெரிந்த ஆங்கில எழுத்து தனித்தனியாக நிற்கும். இது ஒரே ஓட்டமாக ஓடியது. பிசுக்கு என்று நினைத்தேன். அட்டையில் 'ஒன்றும் இல்லை' என்பதற்கு ஒரு கோடு போடுவோம், அதைப் போட்டுவிட்டுத் துடைத்தேன். நன்றாகவே துடைத்தேன், மற்ற ஐந்தையும் அப்படியே.

ஆறையும் முடித்துக் காயவைத்துவிட்டுத் துணியை அலசப் போனேன். துணியில் மஞ்சள். ஆறாவது தட்டில் இருந்த சுருளும் முதல் தட்டில் இருந்த சுருளும் அப்போதுதான் பக்கத்துப் பக்கத்தில் கண்ணுக்குள் வந்து நின்றன. இரண்டும் ஒன்றே. ஆறும் ஒன்றே. அழுக்கு ஆறு தடவை ஒரே மாதிரி விழாது.

அன்றைய அட்டையில் ஒன்று மிச்சம் இருந்தது. அதை எடுத்து, கண்ணை மூடிப் பார்த்து, அந்தச் சுருளை வரைந்தேன். வரைந்து, எண்ணி ஓதுகிற தஸ்பீஹ் மணி வைத்திருக்கிற பையில் போட்டேன். மிஸ்டர் கோல்மனிடம் சொல்லவில்லை. சொன்னால், இதுகூட எழுத்து என்று தெரியவில்லையா என்று கேட்பார். மூன்று வருசமாகப் படிக்கத் தெரிந்தவள் மாதிரி தலையாட்டியது தெரிந்துபோகும். ரஃபீக் அப்போது மறுபடியும் வேலை இல்லாமல் இருந்தான்.

ஏழெட்டு வாரம் போனது. பிரையன் அதில் இரண்டு பாட்டை ரேடியோவில் போட வைத்தார். வெளியிடப்போகிற ஆல்பத்துக்கு 'தொலைந்துபோன குயில்' என்கிற மாதிரி ஒரு பெயர். அட்டைப் படமும் ரெடி, முகம் தெரியாத ஒரு பெண், பின்னால் கடல். ஆள் யார் என்று தெரியாததுதான் அழகு என்று அவர் மிஸ்டர் கோல்மனிடம் சொன்னது என் மேசைவரை கேட்டது.

அந்தக் குயில் ஒருநாள் மகளைக் கூட்டிக்கொண்டு பட்டறைக்கே வந்துவிட்டது.

மிஸ் கிளாரிஸ். எண்பது வயது, ஊதா நிறத் தொப்பி, கைத்தடி. ஈஸ்ட் ஆரஞ்சிலிருந்து பஸ்ஸில். அதாவது தொலைந்துபோனவர் அரைமணி தூரத்தில் இருந்திருக்கிறார். பிரையனும் வந்திருந்தார். தட்டுகளை எடுத்து வரச் சொன்னார்கள். எடுத்துப் போய் வைத்துவிட்டுச் சுவரோரமாக நின்றேன்.

"நான்தான் பாடினேன்னு உங்களைப்போல இதுக்கு முன்னாடி மூணு பேர் வந்துட்டாங்க மேடம்," என்றார் பிரையன், ரொம்ப மரியாதையாக.

"மூணு பேரா? நான் பாடறப்போ கேக்க அவ்வளவு பேர் வந்ததில்லையே," என்றார் மிஸ் கிளாரிஸ். "என்னைக் கண்டுபுடிச்சீங்களாமே, ரேடியோவில சொன்னான். நான் எங்கப்பா காணாமப் போனேன்? முப்பது வருசம் இங்க பக்கத்துல நுவர்க்ல ஆஸ்பத்திரி லாண்டிரிக்கு ஒரே பஸ்ஸில போனேன். கை காட்டியிருந்தா நின்னிருக்கும்."

"பாட்டை முழுசாப் பாட முடியுமா?"

"ராகம் இருக்கு. வார்த்தை கொஞ்சம் போயிருச்சு."

"அதுவும் அந்தத் தீவில எல்லாரும் பாடற பாட்டுத்தான், இல்லையா?"

மகள் எழுந்துவிட்டாள். அவளுக்கே ஐம்பது இருக்கும், தேவாலயத்துக்குப் போகிற மாதிரி உடுத்தியிருந்தாள். "மம்மி, போதும். வா போலாம்." பிறகு மிஸ்டர் கோல்மனைப் பார்த்து, "மன்னிச்சுக்கோங்க சார். நாங்க சின்னப்புள்ளைல இருந்து இதைச் சொல்றாங்க. வீட்டுல ஒருநாள் பாடிக் கேட்டதில்ல. அப்பாவுக்குப் பிடிக்காது. பேரப்பிள்ளைங்க சிரிக்கிறாங்க."

அதற்குத்தான் அந்தம்மா முகம் மாறியது. பிரையன் சொன்னதற்கெல்லாம் மாறவில்லை.

"தட்டு அத்தனையிலும் நான் கையெழுத்துப் போட்டிருக்கேன்," என்றார். "மஞ்சப் பென்சில்ல. ரெக்கார்டு பண்ற இன்ஜினியர் எது யார் தட்டுன்னு தெரியாமத் தொலைச்சுருவான். எடுத்துப் பாருங்க."

மிஸ்டர் கோல்மன் கை கழுவினார். ஒவ்வொரு தட்டையும் விளக்குக்கு அடியில் சாய்த்து, திருப்பி, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். மெழுகின் நிழல்கூட இல்லை. கண்ணாடி மாதிரி மின்னியது.

"எவ்வளவு அருமையா கிளீன் பண்ணியிருக்காங்க!" என்று பிரையன் என்னைப் பார்த்துப் பாராட்டினார். இந்த நாட்டில் ஒரு கம்பெனிக்காரர் என்னைப் பாராட்டியது அந்த ஒரு தடவைதான்.

மிஸ் கிளாரிஸ் மெதுவாகத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு கைத்தடியைத் தேடினார். மகள் கையைப் பிடித்தாள். அவர்கள் கதவுக்குப் போக நான்கு எட்டுத்தான் இருக்கும். வாய் வராதவள் என்ன செய்வாள், போய்க் கதவை மறித்துக்கொண்டு நின்றேன். பையைத் திறந்து, தஸ்பீஹ் மணி கீழே விழ, அட்டையை மிஸ்டர் கோல்மனிடம் நீட்டினேன்.

"இருந்துச்சு," என்றேன். "நான் துடைச்சுட்டேன்." எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அவ்வளவுதான் வந்தது.

அவர் அட்டையைப் பார்த்தார், தேதி முத்திரையைப் பார்த்தார். "அன்னிக்கு ஏழு அட்டை குடுத்தேன், மிஸஸ் ஜே. ஆறுதான் திரும்பி வந்தது," என்றார். கேட்காமல் இரண்டு மாசம் காத்திருந்திருக்கிறார் மனுசன்.

பிரையன் சிரித்தார். "இதை இன்னிக்குக்கூட எழுதியிருக்கலாமே. இந்தம்மா பேரைக் கேட்டுட்டு எழுதினதுதானே?"

"இவங்களுக்கு இங்கிலீஷ் எழுதப் படிக்கத் தெரியாது," என்றார் மிஸ்டர் கோல்மன்.

பூமி பிளக்கவில்லை. அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டு போனார். நான் சேர்ந்த முதல் வருசமே ஒரு லேபிளைத் தலைகீழாக வைத்து, ஒரு புள்ளி விடாமல் தலைகீழாகவே வரைந்து கொடுத்தேனாம். அன்றே தெரியுமாம். "படிக்கத் தெரிஞ்சவங்க தட்டுல இருக்கறத எழுத மாட்டாங்க. என்ன இருக்கணும்னு நெனைக்கிறாங்களோ அத எழுதுவாங்க. இவங்க கண்டத வரைவாங்க. அதுக்காகத்தான் வெச்சிருக்கேன்." மூன்று வருசம் நான் பொத்திப் பொத்தி மறைத்த குறைதான் என் உத்தியோகத் தகுதி என்று அப்போதுதான் தெரிந்தது.

அட்டையை யாருக்கும் காட்டாமல் கவிழ்த்து வைத்துவிட்டு, மிஸ் கிளாரிஸிடம் ஒரு காகிதம் கொடுத்தார். அந்தம்மா கை நடுங்கப் பெயரை எழுதினார். எழுதி, கீழே சர்ரென்று ஒரு கோடு இழுத்தார். பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்தார்கள். அதே சுருள், அதே வளைவு. முதல் எழுத்தின் வாலைத் தூக்கி அடுத்ததில் மாட்டுகிறதும் அதே. ஆனால் என் அட்டையில் அந்தக் கோடு இல்லை.

"மிஸஸ் ஜே, ப்ளீஸ். கோடு?" என்றார் மிஸ்டர் கோல்மன்.

மறந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். எல்லோருக்கும் வேலை சுலபமாக முடிந்திருக்கும். ஆனால் கண்ணுக்குள் பார்த்தேன், கோடு இல்லை. "அன்னிக்கு இல்ல," என்றேன்.

"பாத்தீங்களா, ஒரே கையெழுத்து இல்ல," என்றார் பிரையன்.

மிஸ் கிளாரிஸ் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு குலுங்கிச் சிரித்தார். "கோடா! அது பாட்டுக்காரி போட்ட கோடு இல்லப்பா, லாண்டிரிக்காரி போட்டது. மூட்டைக்கு மூட்டை சீட்டுல கையெழுத்துப் போடணும். கீழ கோடு இழுக்கலன்னா நம்ம பேருக்குக் கீழ இன்னும் பத்து பெட்ஷீட்ட எழுதி விட்டுருவானுங்க. பாடற காலத்துல எனக்கு எதுக்குக் கோடு? என் பேருக்குக் கீழ சேக்க அப்ப ஒண்ணுமே இல்லையே!"

பிரையன் ஆபீசில் கேட்டுச் சொல்கிறேன் என்றார்.

மிஸ்டர் கோல்மன் நான்காவது தட்டின் பாட்டைப் போட்டார். ஏழு வருசத்தில் பட்டறையில் நான் உட்கார்ந்து கேட்ட ஒரே பாட்டு அதுதான். என் வீட்டுக்காரர் ரேடியோவில் செய்தி முடிந்ததும் மூடிவிடுவார், எனக்குப் பாட்டுப் பழக்கமே கிடையாது. குரல் கணீரென்று வந்தது, பித்தளையில் தட்டுகிற மாதிரி. கோழியைத் துரத்துகிற ஒரு பொம்பளையைப் பற்றிய கிண்டல் என்று புரிந்தது. மிஸ் கிளாரிஸ் என் முக்காட்டைக் கைத்தடியால் காட்டினார்.

"அது உன் ஆளுதான். எங்க தீவில பக்கத்து வீட்டு மதராசிக்காரி. அவங்க பாட்டன் கரும்பு வெட்ட வந்தவரு. அவ கோழி எங்க வீட்டுல முட்டை போட்டுச்சுன்னா தெருவையே கூட்டிருவா. சட்னி மட்டும் நல்லா அரைப்பா. கோச்சுக்காத."

மகள் உட்கார்ந்துவிட்டாள். கைப்பையை மடியில் வைத்து இறுக்கிக்கொண்டாள். பாட்டு முடிகிறவரை அம்மாவைப் பார்க்கவில்லை, தட்டையே பார்த்தாள்.

"அது நீயா மம்மி?"

"வேற யாரு, உங்கப்பாவா?"

அவர்கள் போனபின் மிஸ்டர் கோல்மன் ஒரு அட்டை எழுதி வாசித்துக் காட்டினார். ஆறு தட்டிலும் எழுத்து அழிந்தது, அழித்தது ஜே. நினைவிலிருந்து வரைந்தது ஜே. துடைக்குமுன் பார்க்கத் தவறியது கோல்மன். தமிழில் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். அது உடைந்தவை இழுப்பறைக்குள் போனது. பிறகு ஒரு மாசம் என்னைத் தட்டு பக்கமே விடவில்லை. உறைதான் தட்டினேன். அதுவும் நியாயம்.

அந்த வருசக் கடைசியில் பாட்டு வெளிவந்தது, மிஸ் கிளாரிஸ் பெயரோடு. ஆள் தெரியாததுதான் அழகு என்ற பிரையனுக்கு இப்போது ஆள் கிடைத்த கதை அதைவிட அழகாகத் தெரிந்தது. அட்டைப்படத்தில் கடலை எடுத்துவிட்டுக் கையெழுத்தைப் பெரிதாகப் போட்டார்கள். பாடகியின் கை இப்போது நடுங்குகிறதே என்று, என் அட்டையில் இருந்ததை எடுத்துக்கொண்டார்கள். உள்ளே 'பாடகியின் சொந்தக் கையெழுத்து' என்று அச்சடித்திருப்பதாக மருமகள் ஷமீம் படித்துச் சொன்னாள். நன்றி சொன்ன பட்டியலில் பிரையனின் நாய்க்கும் நன்றி இருக்கிறதாம். என் பெயர் இல்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை. ஆங்கிலத்தில் கையெழுத்துப் போடத் தெரியாதவள் போட்ட கையெழுத்து கடை கடையாக விற்றதே, அது போதாதா.

மிஸ் கிளாரிஸ் இரண்டு வருசம் கழித்து மௌத்தாகிவிட்டார். மகள் பட்டறைக்கு வந்து சொன்னாள். அடக்கத்தன்று சர்ச்சில் அம்மா பாட்டைப் போட்டார்களாம், பேரப்பிள்ளைகள் எல்லோரும் கேட்டார்களாம். போகும்போது நான் ஆறுதலுக்கு என்று, லாண்டிரிச் சீட்டுக் கோட்டை நினைத்துச் சிரித்தேன் என்றேன். அவள் விழித்தாள்.

"சீட்டா? அம்மா இஸ்திரி மிஷின்லதான நின்னாங்க. சீட்டு எழுதறது சூப்பர்வைசர் வேலை."

அன்றிலிருந்து எனக்கு ஒரு உறுத்தல். அந்தம்மா ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டுச் சிரித்தாரே, நின்ற நிலையில் பாட்டுக் கட்டுகிறவருக்குக் கதை கட்டத் தெரியாதா? அப்படியென்றால் தட்டில் கோடு இருந்ததா? நான் பார்க்காமலேயே அதைத் துடைத்தேனா? நான் கண்டதை மட்டும் வரைவேன் என்று நம்பி ஒரு மனுசர் எனக்காகப் பேசினார்.

நம் சங்கத்தில் நுவர்க் பக்கம் ஆஸ்பத்திரிகளில் நர்ஸ் வேலை பார்த்தவர்கள் பல பேர் இருக்கிறீர்கள். அந்தக் காலத்தில் லாண்டிரியில் இஸ்திரி போடுகிறவர்களும் மூட்டைச் சீட்டில் கையெழுத்துப் போடுவார்களா, கீழே கோடு இழுப்பார்களா என்று விசாரித்துச் சொல்லுங்கள். அப்படி ஒரு வழக்கமே இல்லை என்று தெரிந்தால் எனக்கு மட்டும் சொல்லுங்கள், மலரில் திருத்த வேண்டாம். அவர் சொன்னது சொன்னபடியே இருக்கட்டும். ஃபோன் வேண்டாம், ஃபோனில் எனக்குப் பேச்சு வராது. ஒரு அட்டையில் எழுதிக் கொடுங்கள். எழுத்தை ஒன்றோடொன்று சேர்க்காமல், தனித்தனியாக.